இரண்டாம் கட்டம்

லோர்கன் மெக்மாரோ இப்போது
என் கோழிக்கூட்டின் கூரை.
தேர்தல் முடிந்ததும் கம்பத்திலிருந்து அவிழ்த்த பலகை,
கெட்டியான பிளாஸ்டிக்,
லீட்ரிம் மழைக்குத் தாங்கும்.
முகம் உள்பக்கம் இருக்கட்டும் என்றுதான் ஆணி அடித்தேன்.
முட்டை எடுக்கக் குனியும்போதெல்லாம்
மேலிருந்து சிரிக்கிறார்
‘உங்கள் ஜன்னலுக்கு வெளிச்சம்’ என்ற வாசகத்தோடு.

வெளிச்சம் என்பது இங்கே உவமை இல்லை.
வீட்டுக்கு மேற்கே பாக்கி மெக்டெர்னன் விற்ற புல்வெளியில்
ஏதோ ஒரு நிதி நிறுவனம் நட்ட ஸ்ப்ரூஸ் மரங்கள்
பதினெட்டு வயதில் வானத்தைப் பூட்டிவிட்டன.
மதியம் இரண்டு மணிக்கு அடுப்படியில் விளக்கு போடுகிறேன்.
வீட்டிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் ஒரு கன்றும் கூடாது
என்று சொன்ன கட்சி ஒன்றே ஒன்றுதான்.
சின்னக் கட்சி.
அதன் மொத்தக் கூட்டமும்
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் அடங்கிவிடும்.

மாலைகளில் என் காரில்தான் வாக்குக் கேட்கப் போவோம்.
நாய்களின் பெயர்கள் எனக்குத் தெரியும்,
மற்றதை அவர் பார்த்துக்கொண்டார்.

நூலில் கட்டிய பென்சில்.
அவர் பெயருக்கு எதிரே ஒன்று என்று எழுதினேன்.
இரண்டை எங்கும் எழுதவில்லை.
மறதி அல்ல.
பெரிய கட்சிகள் இரண்டுக்கும்
என் கையெழுத்தின் ஒரு வளைவுகூடக் கிடைக்கக் கூடாது.

உள்விளையாட்டு அரங்கில், கூடைப்பந்து வளையத்தின் கீழே,
ஒன்பதாவது சுற்று எண்ணிக்கை, அதிகாலை மூன்று மணி.
கடைசி இடத்தில் கரையேறினார்.
தோளில் தூக்கினோம்.
ஒரு ஷூ கழன்று விழுந்தது,
தோற்றவரின் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவர்களுக்கு ஆறு குறைந்தது.
எங்களிடம் ஏழு இருந்தது.
அதற்குமேல் அரசியல் என்று எதுவும் நடக்கவில்லை,
கணக்குதான் நடந்தது.

ஒப்பந்தம் நூற்றிருபத்தாறு பக்கம்.
தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் மரங்கள் வருகின்றன:
‘மறுபரிசீலிக்கப்படும்’.
இரவு பதினொன்றரைக்கு லோர்கன் போன் செய்தார், கம்மிய குரலில்.
“உள்ளே இருந்தால்தான், அட்ராக்டா,
ஒரு கிளையையாவது வெட்ட முடியும்.”

மார்ச்சில் அரசாங்கக் கடிதம் வந்தது.
வீட்டுக்குக் கிழக்கே பதினோரு ஹெக்டேர், புதிய நடவு, அனுமதி.
கீழே காட்டுவளத் துணை அமைச்சரின் கையெழுத்து.
அந்த ‘ல்’லின் சுழி எனக்குத் தெரியும்.
நன்றி சொல்லி அவர் அனுப்பிய அட்டை
இன்னும் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது.
கன்றுகள் முழங்கால் உயரம்.
எனக்கு அறுபத்திரண்டு.
காலை வெயிலை யார் முதலில் இழப்பது என்று
ஒரு போட்டி போலத்தான் இருக்கிறது.

பெட்ரோல் பங்கில் பாக்கி சிரித்தான்.
“நீ ஒன்று போட்டாய்.
பக்கத்தில் இரண்டு போட்டுக்கொண்டது அவன்.”
நிலத்தை விற்றவனுக்கு வாய் இருக்கிறது.
எனக்கும் இருந்தது. பேசவில்லை.

பாக்கிக்குத் தெரியாதது ஒன்று உண்டு.
ஆட்சியில் சேரலாமா வேண்டாமா என்று
உறுப்பினர்களுக்குத் தபாலில் ஒரு சீட்டு வந்தது.
அதே அடுப்படி, அதே இரண்டு மணி விளக்கு.
யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.
இருபது வருஷம் அடுத்தவர் வாசல்களில் நனைந்து நின்றவளுக்கு
உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.
சேரலாம் என்று டிக் அடித்தேன்.
எழுபத்தொரு சதவீதம் என்றார்கள்.
அதில் ஏதோ ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்.

கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன.
வெளிச்சம் போதவில்லையாம்.
நேற்று கூட்டுக்குள் ஒரு பல்பு மாட்டினேன்.
பழகாத ஒளியில் அவை கழுத்தைச் சாய்த்து
அவரைப் பார்த்தன.
நானும் பார்த்தேன்.
அச்சு கொஞ்சமும் மங்கவில்லை.
அந்தப் பக்கம் மழை படுவதில்லை.